போறேன் என்று சொல்லும் வீடு

பழங்காநத்தத்துக்குத் தெற்கே, திருப்பரங்குன்றம் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கி ஓர் ஓட்டு வீடு இருந்தது. வாசலில் பூவரச மரம், பின்கட்டில் கிணறு, வீடு நிறையப் பிள்ளைகள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும், இருந்தும் இல்லாத பிள்ளைகளும் அங்கே வளர்ந்தார்கள். வீட்டுக்குப் பொறுப்பான கன்னியர் மடத்துத் தாயார் எப்போதாவது மாட்டுவண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி அங்கே எல்லாம் அருளாயிதான்.

அருளாயிக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான உடம்பு, கனத்த குரல். கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று வருத்தப்பட நேரமும் இல்லை. பிள்ளைகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் அதட்டினால் கிணற்றுத் தவளைகூட வாயை மூடிக்கொள்ளும் என்பார் சமையல்காரர் சவரியப்பன்.

புதுப் பிள்ளை ஒன்று வந்துவிட்டால் மட்டும் அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் அவளே குளிப்பாட்டுவாள். பேன் மண்டிய தலையை ஒட்ட வெட்டிவிடுவாள். சீட்டித் துணியில் தைத்த சட்டையை மாட்டிவிட்டு, வாயில் ஒரு துண்டு கருப்பட்டி போடுவாள். அதன்பிறகு, பூவரச மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அந்தப் பிள்ளை கையால் அடிக்க வேண்டும். அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் சாப்பிட உட்காருவார்கள். தானே கூப்பிட்டுக் கொண்டுவந்த பந்தியில் எந்தப் பிள்ளையும் பட்டினி கிடக்காது என்பது அருளாயியின் கணக்கு. அழுதுகொண்டே அடித்த பிள்ளையும் கடைசியில் சாப்பிட்டுவிடும்.

இதிலெல்லாம் யாரும் குறை சொன்னதில்லை. அவள் வைத்திருந்த இன்னொரு சட்டம்தான் ஒருவருக்கும் பொறுக்கவில்லை. பிள்ளையை விட்டுப் போகிறவர்கள் அதனிடம் 'வாரேன்' என்று சொல்லக் கூடாது. 'போறேன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இதை யார் தாங்குவார்கள்? உப்பு வாங்கக் கடைக்குப் போகிறவன்கூட 'வாரேன்' என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவன் ஒன்று சண்டை போட்டுக்கொண்டு போகிறவன், இல்லை சாகப் போகிறவன். நல்ல வார்த்தையே உன் வாயில் வராதா என்று வந்தவர்கள் அவளைத் திட்டினார்கள். ஒரு பெரியவர் மண்ணை வாரித் தூற்றிவிட்டே போனார். அருளாயி துடைத்துக்கொண்டாளே தவிரச் சட்டத்தை மாற்றவில்லை.

சவரியப்பனுக்கு அது நல்ல கேலியாகிவிட்டது. சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போறேன் அருளாயி, ஒரேயடியாப் போறேன்" என்பார். காலையில் வாசலில் நின்று, "செத்தவன் வந்திருக்கேன், கஞ்சி இருக்கா?" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அருளாயியும் சிரிப்பாள்.

சிரித்தாலும் அவளுக்குள் இருந்தது வேறு. அவளும் அந்த வீட்டில் விடப்பட்ட பிள்ளைதான். ஆறு வயதில் அவளை அந்தப் பூவரச மரத்தடியில் நிறுத்தி, கன்னத்தைத் தடவி, "இந்தா வாரேன்டி கண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் அம்மா போனாள். 'இந்தா வாரேன்' என்றால் இப்போதே வருகிறேன் என்றுதானே ஒரு பிள்ளைக்குப் பொருள்? அருளாயி மரத்தடியை விட்டு அசைய மறுத்தாள். அம்மா வந்தால் தேடுவாளே என்று பயம். கொழுக்கட்டை கொடுத்த நாளில் பாதியைப் பாவாடையில் முடிந்து அம்மாவுக்கு வைத்திருந்தாள். அது ஊசிப்போய், எறும்பு மொய்த்து, தொடையெல்லாம் கடித்தது. அம்மா செத்தாளா, வேறு வீடு போனாளா, இன்றுவரை தெரியாது. அந்த ஒரு சொல்லை நம்பித் தன் சிறுவயதெல்லாம் மரத்தடியில் வீணாகிப் போனது என்றுதான் அருளாயி நினைத்தாள். இன்னொரு பிள்ளை அப்படி நிற்பதை அவளால் பார்க்க முடியாது. மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை ஒருநாள் அழும், பிறகு தேறிவிடும். அவள் நியாயம் அவளுக்கு.

ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின வருடம், திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து மொக்கையன் என்று ஒரு சம்சாரி வந்தான். தோளில் நான்கு வயது மகள் முத்துத்தாய். வாந்திபேதியில் பெண்சாதி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மழை பொய்த்து, விதைத்த காடு காய்ந்து கிடந்தது. ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் சிலர் புறப்பட, அவனும் புறப்பட்டுவிட்டான். சின்னப் பிள்ளையோடு கப்பல் ஏற முடியாது.

குளியல், முடிவெட்டு, புதுச்சட்டை எல்லாம் முடிந்தது. மொக்கையன் மகளின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே நின்றான். அருளாயி அவனைத் தனியே கூப்பிட்டுச் சட்டத்தைச் சொன்னாள்.

அவன் முகம் செத்துவிட்டது. "என்ன தாயி சொல்ற? கடல் தாண்டிப் போறவன் வாயால சொல்ற வார்த்தையா அது?"

"வாரேன்னு சொல்லிட்டுப் போனவுகள்ல ஒருத்தரும் இங்க திரும்பி வந்ததில்லண்ணே."

"நான் வருவேன்."

"எல்லாரும் அதத்தான் சொன்னாக. வந்தா வாங்க, நான் வேணாங்கல. பிள்ளைக்கு மட்டும் ஆசை காட்டிட்டுப் போகாதீக. வாசலப் பாத்துப் பாத்தே அது காஞ்சு போகும். ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை மடக்கிவிட்டது. பெற்ற பிள்ளையை விட்டுப் போகிறவனுக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் ஏது? மகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"ஆத்தா… அய்யா போறேன்."

சொன்னவன் திரும்பிப் பார்க்காமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, ஏறக்குறைய ஓடினான்.

முத்துத்தாய் அழவில்லை. பின்னாலேயே ஓடவும் இல்லை. அப்பன் போன பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அருளாயி அவள் கையில் இரும்புக் கம்பியைக் கொடுத்து, தூக்கிப் பிடித்து, "அடி தாயி" என்றாள். மற்றப் பிள்ளைகள் என்றால் படபடவென்று தட்டும். இவள் ஒரு அடி அடித்தாள், நிறுத்தினாள், பிறகு இன்னொரு அடி. ஒவ்வொன்றாக, நிதானமாக அடித்தாள். "எந்த ஊருல இப்புடி அடிக்கப் படிச்ச?" என்று அருளாயி சிரித்தாள். முத்துத்தாய் கம்பியைத் திருப்பிக் கொடுத்தாள். போய் உட்கார்ந்து, போட்ட சோற்றைச் சாப்பிட்டாள்.

"பாத்தீகளா?" என்று அடுத்த முறை வந்த மடத்துத் தாயாரிடம் அருளாயி பெருமை அடித்துக்கொண்டாள். "ஒரு பொட்டுக் கண்ணீர் இல்ல. உள்ளதச் சொன்னா பிள்ளை தாங்கிக்கிரும்."

முத்துத்தாய் ஒருநாளும் மரத்தடியில் போய் நிற்கவில்லை. அப்பனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்று அருளாயியும் பேச்செடுக்கவில்லை. எழுதத் தெரியாத மொக்கையனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

அந்தப் பிள்ளையிடம் அருளாயிக்கு வந்தது பாசம் என்பதா, பித்து என்பதா? இத்தனை பிள்ளைகளை வளர்த்தவள் இந்த ஒன்றிடம் விழுந்துவிட்டாள். முத்துத்தாய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அருளாயி அரிசி புடைத்தால் எதிரே உட்கார்ந்து கல் பொறுக்குவாள். முடி வளர்ந்ததும் அதற்கு எண்ணெய் தடவிச் சடை போடும் நேரந்தான் அருளாயிக்கு நாளிலேயே நல்ல நேரம். எல்லாப் பிள்ளையும் ஒன்று என்று வாய் சொல்லும். சடையில் வைக்கும் பூ இவளுக்கு மட்டும் ஒரு கண்ணி கூடுதலாக இருக்கும்.

வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் என்றில்லை, செத்தவர்களை நினைக்க எல்லாப் பிள்ளைக்கும் மெழுகுவத்தி உண்டு. முத்துத்தாய் எப்போதும் இரண்டு கேட்பாள். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று அம்மாச்சிக்கோ யாருக்கோ என்று அருளாயி நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ரங்கூனில் குண்டு விழுந்தது என்று ஊரெல்லாம் பேச்சானபோது அவளுக்கு மொக்கையன் நினைவு வந்தது. ஐயோ பாவம் என்று நெஞ்சு கலங்கியது. கூடவே, நல்லவேளை, வாரேன் என்று சொல்லாமல் போனான் என்றும் நினைத்தாள்.

அடுத்து வந்த கல்லறைத் திருநாள் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு முற்பகல், வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். எலும்பின்மேல் தோல் போர்த்தியிருந்தது. தாடி, குழிவிழுந்த கண், ஊன்றுவதற்கு ஒரு மூங்கில். கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த முத்துத்தாயைப் பார்த்ததும், "ஆத்தா! முத்து!" என்றான்.

குடம் விழுந்து உடைந்தது. "பேயி! பெரியம்மா, பேயி!" என்று வீடு அதிரக் கத்திக்கொண்டு உள்ளே ஓடியவள் சமையல்கட்டில் நெல்லுக் குதிருக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள். சவரியப்பன் கரண்டியும் கையுமாக நின்றார். அருளாயி வாசலுக்கு ஓடிவந்தாள். குரலை வைத்துத்தான் அவளுக்கு மொக்கையனை அடையாளம் தெரிந்தது.

உள்ளே போய்ப் பிள்ளையைத் தொட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. "முத்து, அது பேயில்லடி. ஒங்கய்யா."

"எங்கய்யாதான் போயிட்டாருல்ல."

"ரங்கூனுக்குடி…"

"இல்ல. அம்மா செத்தப்ப எல்லாரும் அம்மா போயிட்டா, போயிட்டான்னு அழுதாக. அய்யாவும் போறேன்னுதான சொன்னாரு? அம்மா போன எடத்துக்குத்தான். அம்மாவத் தூக்கினப்ப சேகண்டி அடிச்சாக. அய்யாவுக்கு நீங்க என்னையவே அடிக்கச் சொன்னீக." மூச்சு வாங்கியது பிள்ளைக்கு. "நாந்தான் வருசா வருசம் அய்யாவுக்கும் வத்தி பொருத்துறேன்ல. அப்பறம் எதுக்கு வந்திருக்காரு?"

அருளாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழாத பிள்ளை, கேட்காத பிள்ளை, வாசலைப் பார்க்காத பிள்ளை என்று பெருமை பேசினாளே! நான்கு வயதுப் பிள்ளை அப்பனுக்குத் தானே சாவு மணி அடித்துவிட்டு வந்து சோறு தின்றிருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டிருக்கிறாள். பாவி, பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அது யாருக்கு என்ன பிரயோசனம்?

மொக்கையன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அன்றும் இருந்தான், அடுத்த நாளும் வந்தான். அவனைக் கண்டாலே பிள்ளைக்கு நடுக்கம் எடுத்தது. தகவல் கேட்டு வந்த மடத்துத் தாயார் அருளாயியைத் தனியே அழைத்தார்.

"பிள்ளை இப்படிப் பயப்படுதுன்னா இங்கேயே இருக்கட்டும் அருளாயி. அந்த மனுசனுக்கே நிக்கத் தெம்பில்ல. அப்பங்கிட்டப் போன்னு இன்னொருத்தரு சொன்னா கேக்காது, நீ சொன்னாத்தான் கேக்கும். யோசிச்சுப் பாரு" என்றார்.

அதைக் கேட்டதும் அருளாயிக்குச் சந்தோசமாக இருந்தது. மறைப்பானேன், உச்சி குளிர்ந்துபோனது. அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். பிள்ளை அவளோடேயே இருந்துவிடும். மொக்கையனும் அதையே சொன்னான்: "அது இங்கன நல்லாத்தான இருக்கு தாயி. நான் வேணும்னா…" முழங்காலைக் கட்டிக்கொண்டு வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அருளாயி அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அதே மரம், அதே வேர். அதன்மேல் நின்றுதான் அவள் தன் அம்மாவுக்காகச் சாலையைப் பார்த்தாள். அவள் வெளியே பார்த்து நின்றாள், இவன் உள்ளே பார்த்து உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். வராத ஒருத்திக்காக அவள் காத்திருந்தாள். இங்கே வர வேண்டிய பிள்ளையை அவளே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

விறுவிறுவென்று உள்ளே போய் முத்துத்தாயைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். எட்டு வயதுப் பிள்ளை. கையைக் காலை உதறியது, கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தியது. விடவில்லை. மரத்தடிக்குக் கொண்டுவந்து, "மூஞ்சியப் பாக்க வேணாம், காலப் பாரு" என்றாள். "பேய்க்குக் கால் தரையில பாவாதுன்னு நீதான சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவ? பாரு. பாவுதா, இல்லையா?"

முத்துத்தாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். கால் தரையில்தான் பாவியிருந்தது. ஆனால் கால் என்று சொல்லும்படியாக இல்லை. இரண்டு விரல் இல்லை. பாதம் முழுக்க வெடித்து, ஆறி, மறுபடி வெடித்திருந்தது. ஓர் ஈ வந்து உட்கார, மொக்கையன் அதை விரட்டினான்.

வெகு நேரம் அந்தக் காலையே பார்த்துவிட்டு, "வலிக்குமா?" என்று கேட்டாள் பிள்ளை.

"இப்ப இல்ல ஆத்தா."

"எப்புடி ஆச்சு?"

"நடந்து வந்தேன். கப்பலு இல்ல, ரயிலு இல்ல. காடு, மலை, அம்புட்டும் நடந்தேன். கூட வந்தவுக நெறையப் பேரு வழியிலயே…" நிறுத்திக்கொண்டான். "ஒங்கிட்ட 'போறேன்'னு சொல்லிட்டுப் போனேன்ல. படுத்தா அந்தச் சொல்லு பலிச்சிரும்னு பயம். அதான் படுக்காம நடந்தேன்."

அருளாயியின் இடுப்பிலிருந்து பிள்ளை மெல்ல இறங்கினாள். கிட்டே போகவில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, எட்ட நின்றபடியே அந்தக் காலில் ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் கால் கூசிச் சுருங்கியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. "அய்யா" என்றாள். மொக்கையன் வாய்விட்டு அழுதான். அந்த வீட்டில் அப்படி ஓர் ஆண்பிள்ளை அழுது யாரும் கேட்டதில்லை.

அதன்பிறகு தினமும் அப்பன் காலுக்கு வேப்பெண்ணெய் தடவுவது முத்துத்தாயின் வேலையாகிவிட்டது. மொக்கையனின் அக்காள் புருசன் ஏலமலையில் கங்காணி. தோட்டத்தில் உட்கார்ந்து காவல் பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறதாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவானது. ஏலமலை என்றால் கம்பத்துக்கும் மேலே. போனால் மலைக்காய்ச்சலும் குளிருந்தான் கூட இருக்கும். நினைத்தால் இறங்கி வருகிற இடமில்லை.

புறப்படுகிற காலையில் அருளாயி பிள்ளைக்கு எண்ணெய் தடவி, இழுத்து வாரி, சடை பின்னினாள். பின்னி முடித்ததை அவிழ்த்து மறுபடி பின்னினாள். வண்டிக்கு நேரமாகிறது என்று சவரியப்பன் சொன்னபிறகுதான் விட்டாள். சட்டை, பாவாடை, கொஞ்சம் கருப்பட்டி எல்லாம் ஒரு துணியில் கட்டியிருந்தாள்.

பிள்ளைகள் எல்லாம் மரத்தடியில் கூடி நின்றன. முத்துத்தாய் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, அருளாயி முன்னால் வந்து நின்றாள். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

"போறேன் பெரியம்மா."

எத்தனையோ பேர் வாயிலிருந்து அவள் பிடுங்கி வாங்கிய சொல். கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று அருளாயி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். பிள்ளை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அப்படிச் சொல்லாத தாயி. வாரேன்னு சொல்லு."

முத்துத்தாய்க்குக் குழப்பமாகிவிட்டது. நிமிர்ந்து அப்பனைப் பார்த்து, "நாம திரும்பி வருவோமாய்யா?" என்று கேட்டாள். மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டான். அருளாயி முன்னால் அவனுக்கு இன்னும் பொய் வரவில்லை.

"வருவோமான்னு தெரியலையே பெரியம்மா" என்றாள் பிள்ளை, வருத்தமாக. "தெரியாமச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக."

"ஆமாடா" என்றாள் அருளாயி. "சொல்லக் கூடாது. போ. மகராசியாப் போ."

மூங்கிலை ஊன்றி ஊன்றி மொக்கையன் நடந்தான். அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு முத்துத்தாய் போனாள். சாலையில் திரும்பும் இடத்தில் ஒருமுறை பார்த்தாள். அருளாயி கையசைத்துவிட்டு உள்ளே வந்தாள். அரிசி கிடந்தது, புடைத்தாள். கல் பொறுக்க ஆள் இல்லை, தானே பொறுக்கினாள். துணி துவைத்தாள். சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளை அதட்டினாள். எப்போதும் போலத்தான் இருந்தாள்.

பொழுது சாய்ந்தது. சவரியப்பன் அடுப்பை அணைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் சிரிப்பதற்குத் தயாராகப் பார்த்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தவர் அருளாயியின் முகத்தைப் பார்த்தார். பூவரச மரத்தடியில், அந்த வேரின்மேல், சாலையைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாரேன் அருளாயி" என்றார். "காலையில வந்துருவேன்."

"வாங்கண்ணே" என்றாள் அருளாயி. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.